காப்பியங்களைச் சிறுவர் நாடகமாக எழுதிப் பிழைக்க முடியுமா?

கோபி_தமிழாசிரியை

அனைவருக்கும் வணக்கம். கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். ஆண்டு விழாவுக்குக் குமணன் கதை, அமுதசுரபி, சிலம்பு என்று நாடகம் எழுதிக் கொடுத்து, ஒத்திகையையும் நானே பார்த்துக்கொள்கிறேன். இப்போது பக்கத்துப் பள்ளிகளும் கேட்கின்றன. சத்தியமங்கலத்தில் ஒரு பள்ளி பணமே கொடுத்தது. வேலையை விட்டுவிட்டு இதையே தொழிலாக வைத்துக்கொள்ளலாமா என்று மனம் அலைபாய்கிறது.

வீட்டில் சொன்னால், "மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு வேஷம் கட்டப் போகிறாயா?" என்கிறார் மாமியார். வேஷம் கட்டுவது நான் இல்லை, பிள்ளைகள் என்றேன். அது அவருக்கு இன்னும் மோசமாகக் கேட்டதாம்.

கொங்கு வட்டாரத்தில் இந்த வேலை செய்கிறவர்கள் யாராவது இருந்தால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். வருமானம் எப்படி வரும்? எந்தக் கதையை எடுப்பது, எதை வெட்டுவது? எழுதியது யாருக்குச் சொந்தம்? ஊக்கப் பேச்சு வேண்டாம்.

ஒலிவாங்கி (ஈரோடு)

அம்மணி, இருபது வருடத்துக்கு மேலாக இதைத்தான் செய்கிறேன். எழுதுவதற்கென்று தனியாக யாரும் காசு தரமாட்டார்கள். எழுதுவது, ஒத்திகை, பாட்டு, உடைக்கு ஏற்பாடு, மேடையன்று பக்கவாட்டில் நின்று பிள்ளைகளைத் தள்ளிவிடுவது எல்லாம் சேர்ந்த ஒரே கூலிதான். அதிலும் நடன மாஸ்டருக்குக் கொடுத்தது போக மிச்சம் இருப்பதுதான் நாடகத்துக்கு வரும்.

வருடம் எப்படி ஓடும் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ஆண்டு விழாக்கள். அந்த மூன்று மாதத்தில் ஒரே நாளில் பெருந்துறைக்கும் தாராபுரத்துக்கும் ஓட வேண்டியிருக்கும். மார்ச்சில் தேர்வு. பள்ளி வாசலில் காலே வைக்க முடியாது. ஏப்ரல், மே கோடை முகாம்கள். ஜூன், ஜூலை கை காய்ந்துவிடும். 2022-23 கல்வியாண்டிலிருந்து அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. அதனால் அதற்குப் பிறகு கொஞ்சம் வேலை உண்டு. ஆனால் அங்கே பெரும்பாலும் ஆசிரியர்களே பயிற்சி கொடுக்கிறார்கள். நம்மைக் கூப்பிட்டால் மரியாதை கிடைக்கும், பஸ் காசு கிடைக்கும்.

நான் இதில் தாக்குப்பிடித்ததற்குக் காரணம் எழுத்து இல்லை. ஒரு பள்ளியில் நாற்பது பிள்ளைகள் இருந்தால் நாற்பது பேருக்கும் மேடையில் வேலை இருக்கும்படி காட்சி அமைப்பேன். அது தெரிந்த தலைமையாசிரியர் அடுத்த வருடமும் கூப்பிடுவார். உங்கள் குமணன் நாடகத்தில் எத்தனை பாத்திரங்கள்?

கோபி_தமிழாசிரியை

ஏழு. மீதிப் பிள்ளைகள் மரம்.

ஒலிவாங்கி (ஈரோடு)

அதுதான் சிக்கல். மரமாக நின்ற பிள்ளையின் அம்மா அடுத்த வருடம் நடனம் கேட்பார்.

குமணன் கதையையே எடுத்துக்கொள்வோம். தம்பி நாட்டைப் பிடித்துக்கொண்டான், அண்ணன் காட்டில் இருக்கிறான், அவன் தலைக்கு விலை வைத்தாயிற்று. பெருந்தலைச் சாத்தனார் பரிசில் கேட்டு வருகிறார். கொடுக்கக் கையில் ஒன்றும் இல்லாத குமணன், தன் தலையைக் கொண்டுபோய் விலை பெற்றுக்கொள்ளும்படி வாளை நீட்டுகிறான். புறநானூறு 165. அங்கே நிற்பது இரண்டே பேர். ஆனால் அந்தச் செய்தி ஊருக்குள் எப்படிப் பரவியிருக்கும்? சந்தையில் பேசியிருப்பார்கள். தலைக்கு விலை என்று முரசறைந்தால் கடைக்காரன், குதிரைக்காரன், தயிர்க்காரி எல்லாரும் கணக்குப் போட்டுப் பார்ப்பார்கள். ஆளுக்கொரு நியாயம் சொல்வார்கள். இருபது பிள்ளைகள் அந்தச் சந்தை. ஒவ்வொருவருக்கும் இரண்டு வரி, மூச்சுவிடாமல் சொல்லிவிடக்கூடிய நீளத்தில். மூலத்தில் இல்லாததைச் சேர்த்தேன் என்று யாராவது சொன்னால், சந்தையில்லாத நாட்டில் குமணன் எதைக் கொடுத்து வள்ளலானான் என்று திருப்பிக் கேட்பேன்.

உடுமலைக்காரன்

குமணனின் முதிரமலையை எங்கள் பக்கத்துக் குதிரைமலை என்று சொல்வார்கள், அந்த உரிமையில் நுழைகிறேன்.

இந்தத் தொழில் இன்று நேற்றுத் தோன்றியதல்ல. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை தொடங்கியபோது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. கோவலன், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, வள்ளி திருமணம் என்று புராணத்தையும் காப்பியத்தையும் எடுத்துச் சிறுவர்கள் வாயில் நிற்கும்படி எழுதினார். அபிமன்யு சுந்தரியை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்று, அந்தச் சபையில் ஆறு வயதில் சேர்ந்த ஔவை சண்முகம் எழுதிவைத்திருக்கிறார். யார் நடிக்கப்போகிறான், அவன் குரல் எங்கே ஏறும் என்று தெரிந்தவருக்குத்தான் ஒரே இரவில் எழுத வரும்.

கொங்குக்கும் இதில் பங்கு உண்டு. பூளவாடியில் பிறந்த உடுமலை நாராயணகவி சிறுவயதிலேயே உடுமலை முத்துசாமிக் கவிராயரிடம் சேர்ந்து நாடகத்தில் வளர்ந்தவர். நாடகக் குழு நடத்திய டி.கே.எஸ். சகோதரர்கள் 1944இல் நாடகக் கலை மாநாட்டை நடத்தியது ஈரோட்டில்தான். ஆக, டீச்சர், உங்களுக்குப் பின்னால் ஒரு வரிசை நிற்கிறது. தைரியமாக இறங்குங்கள்.

பவானிக்கூடல்

ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியன். உடுமலைக்காரர் சொன்ன செய்திகள் சரி. அவற்றிலிருந்து அவர் எடுக்கும் முடிவுதான் சரியில்லை.

பாய்ஸ் கம்பெனி என்ற அந்தக் காலச் சிறுவர் நாடகக் குழுக்களில் இருந்த பிள்ளைகள் யார்? வீட்டில் சோறில்லாமல் வந்தவர்கள். எம்.ஜி.ஆர். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனிக்குப் போனது கலை ஆர்வத்தினால் இல்லை, வறுமையினால். படிப்பு போயிற்று, அடியும் உதையும் பாடத்திட்டத்தில் இருந்தன. அங்கே பிள்ளைகள்தான் தொழிலாளர்கள், பார்த்தவர்கள் பெரியவர்கள். இன்று நீங்கள் செய்வது பிள்ளைகளுக்காகப் பிள்ளைகளை வைத்து. இரண்டும் வேறு வேறு. நமக்கு முன்னோடி வேண்டுமென்றால் காந்திகிராமத்தில் பணியாற்றிய பேராசிரியர் சே. இராமானுஜம் இருந்தார், புதுச்சேரியில் ஆழி குழுவை நடத்தும் வேலு சரவணன் இருக்கிறார். தேசிய நாடகப் பள்ளி 1989இல் கல்விக்கான நாடகக் குழுவைத் தனியாகவே தொடங்கியது. அந்த வழியைப் பாருங்கள்.

அடுத்து என் முக்கியமான கவலை. சந்தை, தயிர்க்காரி எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் பார்த்த ஆண்டு விழாக்களில் சிலப்பதிகாரம் என்று ஒன்று போடுகிறார்கள். அதில் கோவலன் சாவதில்லை! "கோவலன் தண்டிக்கப்பட்டான்" என்று ஒலிபெருக்கியில் ஒரு குரல் சொல்கிறது, உடனே கண்ணகி வந்துவிடுகிறாள். மதுரை எரிவதில்லை. கடைசியில் எல்லாரும் சேர்ந்து நடனம். முப்பது காதையில் இளங்கோ கட்டியதை இப்படிப் பிரித்துப் போட யார் அதிகாரம் கொடுத்தார்கள்? குழந்தைகளுக்குச் சொல்ல முடியாதென்றால் சொல்லாதீர்கள். வளர்ந்து அவர்களே படித்துக்கொள்வார்கள்.

பல்லடம்_அப்பா

ஐயா, நான் தறி ஓட்டுகிறவன், இலக்கியம் தெரியாது. என் மகள் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது ஒரு நாடகத்தில் கோவலனை வெட்டுவதைக் காட்டினார்கள். சிவப்புத் துணி, முரசு, எல்லாம் உண்டு. பயந்து இரண்டு இரவு எங்களோடுதான் படுத்தாள். இத்தனைக்கும் அவளும் அதில் நடித்தவள். சாமரம் வீசினாள். வெட்டத்தான் வேண்டுமா?

ஒலிவாங்கி (ஈரோடு)

பேராசிரியர் ஐயாவுக்கும் பல்லடம் அண்ணனுக்கும் சேர்த்தே சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

சாவைக் கேட்டால் பிள்ளைகள் தாங்குவார்கள். அண்ணன்மார் கதையை உடுக்கை அடித்துப் பாடிய இடங்களில், பொன்னரும் சங்கரும் படுகளம் சாய்வதை நம் பாட்டிகள் மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டுதான் கேட்டார்கள். பாட்டில் கேட்பது வேறு, கண்ணெதிரே துணியில் சிவப்புச் சாயம் ஊறுவதைப் பார்ப்பது வேறு. மேடையில் வெட்டைக் காட்டுவது சோம்பேறித்தனம். இளங்கோவே நமக்கு வழி வைத்திருக்கிறார். வழக்குரை காதைக்குப் போங்கள்.

கண்ணகி கேட்பது ஒன்றே ஒன்று. என் சிலம்பின் உள்ளே இருப்பது மாணிக்கம். பாண்டியன் சொல்வதும் ஒன்றே: எங்கள் சிலம்பின் உள்ளே இருப்பது முத்து. உடைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இதைவிடப் பிள்ளைகளைக் கட்டிப்போடும் காட்சி உலகத்தில் எந்த மேடைக்கு எழுதப்பட்டிருக்கிறது? நான் நாடகத்தையே அங்கேதான் தொடங்குவேன். பொற்கொல்லன் அரசியின் சிலம்பைத் திருடியது பார்வையாளருக்குத் தெரியும், பாண்டியனுக்குத் தெரியாது. சபையில் உட்கார்ந்திருக்கும் சின்னப் பிள்ளைகள் "அவன்தான் திருடன்!" என்று கத்துவார்கள். கத்தட்டும். அரசன் காதில் விழாததுதான் கதை. சிலம்பு உடைகிறது, மணி தெறிக்கிறது. "யானோ அரசன் யானே கள்வன்" என்ற அடியை மட்டும் மூலத்தில் உள்ளபடியே சொல்லவைப்பேன். பொருள் சொல்லிக்கொடுக்கவே தேவையில்லை, அந்த இடத்தில் நின்று கேட்டால் ஐந்தாம் வகுப்புக்குப் புரிகிறது.

கோவலன் இறந்தான் என்பதை அந்தச் சபையில் எல்லாரும் அறிவார்கள். அதற்கு ஒரு சொட்டுச் சாயம் தேவைப்படவில்லை. மதுரை எரிவதற்குப் பத்துப் பிள்ளைகளும் செம்மஞ்சள் துண்டுகளும் போதும். ஆக ஐயா, கதையை வெட்டிச் சுருக்குவது தவறில்லை. காரணத்தை வெட்டிவிட்டு நிகழ்ச்சியை மட்டும் வைத்துக்கொள்வதுதான் தவறு. ஒலிபெருக்கி கோவலனைக் கொன்ற கதை அப்படிப்பட்டது.

ஒன்று மட்டும் எச்சரிக்கை. கண்ணகிக்கு ஆறு பெண்கள் போட்டிக்கு வருவார்கள், ஆறு அம்மாக்களும் வருவார்கள். காட்சிக்கு ஒரு கண்ணகி என்று பிரித்துவிடுங்கள், அந்தச் சிவப்புச் சேலை மட்டும் கைமாறட்டும்.

பவானிக்கூடல்

வழக்குரை காதையிலிருந்து தொடங்குவது என்ற யோசனையை ஏற்கிறேன். மாதவியை என்ன செய்தீர்கள்?

ஒலிவாங்கி (ஈரோடு)

விட்டுவிட்டேன். முப்பத்தைந்து நிமிடத்தில் மாதவிக்கு நியாயம் செய்ய முடியாது. அரைகுறையாக வந்தால் அவளைக் கெட்டவளாக்கிவிடுவார்கள்.

பவானிக்கூடல்

அதை மட்டும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. பதிவு செய்துவிட்டு நகர்கிறேன்.

கோபி_தமிழாசிரியை

படித்துக்கொண்டே இருக்கிறேன். உரிமை பற்றிக் கேட்டதற்கு இன்னும் யாரும் வாய் திறக்கவில்லை. நான் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒருவர் எழுதிய நாடகத்தை அந்தப் பள்ளியின் இன்னொரு கிளையும் போட்டது. அழைப்பிதழில் ஒலி ஒளி அமைத்தவர் பெயர் இருந்தது, எழுதியவர் பெயர் இல்லை.

கீழ்க்கோர்ட்டு (கோவை)

வழக்கறிஞன். பொதுவாகச் சொல்கிறேன், உங்கள் ஆவணங்களைப் பார்க்காமல் முடிவு சொல்ல முடியாது.

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஆசிரியர் வாழும் காலமும், அவர் இறந்த பிறகு 60 ஆண்டுகளும் உரிமை நிற்கும். சங்கப் பாடல், காப்பியம் எதற்கும் யாரிடமும் கேட்க வேண்டாம். ஆனால் அண்மைக்கால உரையாசிரியர் ஒருவரின் உரைநடையை அப்படியே தூக்கி வசனமாக்கினால் அது அவருடையது. மொழிபெயர்ப்பிலும் இதே கண்ணி உண்டு. குட்டி இளவரசன் கதையை எழுதிய செந்த் எக்சுபெரி 1944இல் மறைந்தார், இந்தியாவில் மூலத்துக்கு உரிமைக் காலம் முடிந்துவிட்டது. தமிழ் மொழிபெயர்ப்பின் உரிமை அதிலிருந்து தனி. பாரதியாரைப் பற்றிக் கவலையே இல்லை, 1949இல் அரசு அவர் எழுத்துகளின் உரிமையை வாங்கிப் பிறகு மக்களுக்கு ஆக்கிவிட்டது.

பள்ளி ஆசிரியர்களும் மாணவர்களும் பெற்றோர் முன்னிலையில் மட்டும் நடத்தும் நாடகத்துக்குச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. டிக்கெட் விற்று ஊரைக் கூட்டினால் அது பொருந்தாது.

டீச்சர், நீங்கள் கவனிக்க வேண்டியது இதுதான். வேலையில் இருப்பவர் அந்த வேலையின் பகுதியாக எழுதியது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வேலை கொடுத்தவருக்குச் சேரும். தமிழாசிரியர் ஆண்டு விழா நாடகம் எழுதுவது வேலையின் பகுதியா இல்லையா என்று நாளைக்கு ஒரு நிர்வாகம் வாதாடலாம். வெளியாளாக எழுதினால் முதல் உரிமை உங்களுடையது. எப்படியானாலும் ஒரு தாளில், இந்தப் பள்ளி, இந்த வருடம், இத்தனை முறை, எழுதியவர் பெயர் அழைப்பிதழில் என்று நான்கு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். கேட்பதற்குக் கூச்சமாகத்தான் இருக்கும்.

வள்ளிகும்மி_வாத்தியார்

மேட்டுப்பாளையம் பக்கம். பாட்டைப் பற்றி யாருமே பேசவில்லையே! இப்போது பல பள்ளிகளில் குரலை முன்கூட்டியே பதிவு செய்துவிடுகிறார்கள். மேடையில் பிள்ளை வாயை அசைக்கிறது, நடுவில் பென்டிரைவ் நின்றால் வாயும் நின்றுவிடுகிறது. கும்மி கட்டிய பிள்ளைக்கு இந்தப் பிரச்சினை இல்லை. கையும் காலும் பாட்டும் ஒன்றாகப் போகும். ஒருவர் வரியை மறந்தாலும் வட்டம் இழுத்துக்கொண்டு போய்விடும். வள்ளி ஒயில் கும்மி ஆசான் பத்ரப்பன் ஐயாவுக்கு 2024இல் பத்மஸ்ரீ அறிவித்த பிறகு எங்கள் பக்கத்தில் கும்மி கேட்டு வரும் பள்ளிகள் கூடியிருக்கின்றன. கதை நகர வேண்டிய இடத்தையெல்லாம் கும்மிப் பாட்டில் வையுங்கள், டீச்சர். வசனம் பாதியாகக் குறையும். மைக்குக்காகப் பிள்ளைகள் அடித்துக்கொள்ள மாட்டார்கள்.

உடுமலைக்காரன்

வாத்தியார் சொன்னதை ஆதரிக்கிறேன். அப்படியே கொங்கின் சொந்தச் சரக்கையும் எடுங்கள் என்கிறேன். பெருங்கதையை எழுதிய கொங்குவேளிர் நம் விஜயமங்கலத்துக்காரர். அவரே ஒரு தழுவலாசிரியர்தான். குணாட்டியரின் பிருகத்கதை வழிவந்த உதயணன் கதையைத் தமிழில் பாடினார். உ.வே.சா. 1924இல் அதைப் பதிப்பித்தபோது முன்பகுதியும் பின்பகுதியும் கிடைக்கவில்லை. விட்ட இடத்தை, அதே கதையைச் சொல்லும் உதயணகுமார காவியத்தை வைத்து நிரப்பிக்கொள்ளலாம்.

கதையைக் கேளுங்கள். யாழ் வாசித்து யானையை அடக்குகிறவன் உதயணன். அவனைப் பிடிக்கப் பகை அரசன் பொறியால் ஓர் யானை செய்து, வயிற்றுக்குள் வீரர்களை அடைத்துக் காட்டில் நிறுத்துகிறான். பன்னிரண்டு பிள்ளைகள் யானைக்குள்! பெருந்துறையில் ஒரு பள்ளி இதைப் போடாமல் வெளிநாட்டு இளவரசிக் கதையைப் போடுகிறது என்றால் கோபம் வருமா வராதா?

பல்லடம்_அப்பா

இதில் யாரையும் வெட்ட மாட்டார்களே?

உடுமலைக்காரன்

அமைச்சர் யூகி செத்ததுபோல் நடிப்பார் அண்ணா, அவ்வளவுதான்.

ஒலிவாங்கி (ஈரோடு)

பெருங்கதை எனக்கும் ஆசைதான். ஆனால் உதயணனுக்கு மனைவிகள் வரிசையாக வருகிறார்கள். யானைக் காட்சியோடும் சிறையோடும் நிறுத்தினால் நாடகம் நிற்கும். முதல் தடவைக்கு வேண்டாம், யானை செலவு வைக்கும்.

அம்மணி, உங்களுக்கு நான் சொல்வது அவிநாசி முதலைக் கதை. பெரியபுராணத்தில் வெள்ளானைச் சருக்கம். இரண்டு பிள்ளைகள் குளிக்கப் போகிறார்கள், ஒருவனை முதலை விழுங்கிவிடுகிறது. வருடங்கள் கழித்துச் சுந்தரர் அந்தத் தெரு வழியே வருகிறார். ஒரு வீட்டில் பூணூல் கல்யாண மங்கல ஓசை, எதிர் வீட்டில் அழுகை. ஒரே வயதுப் பிள்ளைகளில் ஒருவன் இருக்கிறான், ஒருவன் இல்லை. சேக்கிழார் அந்த இரண்டு வீடுகளையும் எதிரெதிரே வைத்துவிட்டார். மேடையை இரண்டாகப் பிரித்தால் போதும், காட்சி தானாக வந்துவிடுகிறது. சுந்தரர் பாடுகிறார், "கரைக்கால் முதலையைப் பிள்ளை தரச்சொல்லு காலனையே". முதலை வந்து பிள்ளையைக் கரையில் உமிழ்கிறது. போன வருடங்களின் வளர்ச்சியோடு.

தொழில் நுணுக்கம் அங்கேதான். உள்ளே போவது ஒன்றாம் வகுப்புப் பையன், வெளியே வருவது ஐந்தாம் வகுப்புப் பையன். இரண்டு பேருக்கும் ஒரே நிறச் சட்டை. ஐந்தாம் வகுப்பான் முதலில் இருந்தே முதலையின் வயிற்றுப் பக்கம் ஒரு காலாக நடந்துகொண்டிருக்கிறான். பார்க்கிற பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். அழுகை, பயம், சிரிப்பு மூன்றும் இருக்கின்றன; சாவு வந்து திரும்பியும் போகிறது. பல்லடம் அண்ணன் தைரியமாக மகளை அழைத்துவரலாம்.

பவானிக்கூடல்

இதற்கு என்னிடம் மறுப்பே இல்லை. பதிகத்தை இசையோடு பாடவைத்தால் நானும் வருகிறேன். ஓதுவார் ஒருவரிடம் பண்ணைக் கேட்டுக்கொள்ளுங்கள், சினிமா மெட்டில் போட்டுவிடாதீர்கள்.

கோபி_தமிழாசிரியை

எல்லாருக்கும் நன்றி. இந்த வருடம் வேலையை விடப்போவதில்லை. ஒலிவாங்கி அண்ணா சொன்ன ஜூன், ஜூலையை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. ஆனால் நிர்வாகத்திடம் பேசிவிட்டேன். வெளிப்பள்ளிகளுக்குப் பள்ளி நேரம் போக எழுதிக் கொடுக்கலாம், அது என் பெயரில் இருக்கும் என்று தாளில் வாங்கிக்கொண்டேன். கீழ்க்கோர்ட்டு சார் சொன்னதில் மூன்று வரி கிடைத்தது. நான்காவதைப் பற்றி யோசித்துச் சொல்கிறார்களாம். இரண்டு வருடம் வெளியிலிருந்து வருகிற பணத்தைத் தனிக் கணக்கில் போடப்போகிறேன். பாதிச் சம்பளத்தைத் தொட்டால் மாமியாரிடம் மறுபடி பேச்சு எடுப்பேன்.

முதலை நாடகத்தைச் சத்தியமங்கலம் பள்ளிக்குச் சொன்னேன், ஒப்புக்கொண்டார்கள். அங்கே முப்பத்தெட்டுப் பிள்ளைகள். இரண்டு வீட்டுக்காரர்கள், தெருக்காரர்கள், குளக்கரைக் கும்மி என்று கணக்குப் போட்டால் ஒருவர்கூட மரமாக நிற்கவில்லை. முதலைக்கு எத்தனை பேர், எதில் செய்வது?

திரைச்சீலை (திருப்பூர்)

உடை வாடகைக்குக் கொடுக்கிறேன், முகமூடி, மிருகம் எல்லாம் செய்வேன். இழையை முழுவதும் படித்தேன்.

முதலைக்கு ஆறு பேர் போதும், எட்டுக்கு மேல் போனால் வளைவில் திரும்பாது. உடம்புக்கு மூங்கில் பிளாச்சு வளையம், மேலே பனியன் துணி. இங்கே வெட்டுத் துணி மலிவாகக் கிடைக்கும், சாயம் ஏற்றிக்கொள்ளலாம். தலைக்கு ஸ்பாஞ்ச். தெர்மகோல் வேண்டாம், ஒத்திகையிலேயே பல்லெல்லாம் உதிர்ந்துவிடும். வாயை முன்னால் நிற்கிற பிள்ளை உள்ளேயிருந்து இரண்டு கையாலும் திறக்கும்படி செய்வேன். ஒன்றாம் வகுப்புப் பையன் தவழ்ந்து உள்ளே போக வேண்டும் என்பதால் கீழ்த்தாடையைத் தரையோடு வைக்கிறேன். வயிற்றில் வலைத்துணியில் இரண்டு ஜன்னல் விடுவேன், இல்லாவிட்டால் உள்ளே புழுங்கி எவனாவது மயங்குவான்.

பங்குனி, சித்திரையில் கோயில் நோம்பிகள் வந்துவிடும். அப்போது கேட்டால் என்னிடம் ஆள் இருக்க மாட்டார்கள். தை மாதத்துக்குள் வேண்டுமென்றால் இப்போதே சொல்லிவிடுங்கள். அந்தப் பள்ளி மேடைக்கு ஏறும் படிக்கட்டின் அகலத்தையும் அளந்து அனுப்புங்கள், டீச்சர். போன தடவை ஒரு பள்ளிக்குச் செய்த யானை படியேற முடியாமல் பார்வையாளர் பக்கமாகத்தான் வந்தது.